பொருள்கள் பேசும் வரலாறு

முன்னுரை

வரலாற்றுப் பாடம் என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஆண்டுகளின் பட்டியல்தான். எந்த மன்னன் எப்போது முடி சூடினான், எந்தப் போர் எங்கே நடந்தது என்று மனப்பாடம் செய்கிறோம். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறோம். ஆனால் வரலாறு புத்தகத்தில் மட்டுமா இருக்கிறது? ஒரு கல், ஒரு மரக்கட்டை, ஒரு துணி, ஒரு படகு, இவையும் பேசும். கேட்கும் பொறுமைதான் நமக்கு வேண்டும்.

இதை எனக்கு உணர்த்தியது இங்கிலாந்து நாட்டின் ஒரு பகுதியைப் பற்றி நூல்களில் நான் படித்த செய்திகள். இங்கிலாந்து பல 'கவுண்டி'களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. நம் மாவட்டங்களைப் போன்றவை அவை. அவற்றுள் ஒன்று நார்ஃபோக். கிழக்குக் கோடியில், வடகடலை நோக்கி வயிறு தள்ளியது போல் நிற்கும் சமவெளி. 'வடக்கே வாழும் மக்கள்' என்பதே இப்பெயரின் பொருள். கடல் கடந்து வந்து குடியேறிய ஆங்கிலர் என்னும் இனத்தார் இட்ட பெயர் இது. இதன் தலைநகர் நாரிச். அங்கே நார்மானியர் கட்டிய கோட்டை ஒன்று குன்றின்மேல் நிற்கிறது. பல நூற்றாண்டுகள் சிறைச்சாலையாக இருந்த அக்கோட்டை 1894-ஆம் ஆண்டு அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. குற்றவாளிகளைப் பூட்டி வைத்த இடத்தில் இப்போது காலமே பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது!

நார்ஃபோக்குடன் தொடர்புடைய ஒன்பது பொருள்களை இங்கே வரிசையாக எடுத்துக்கொள்வோம். அவற்றின் வாயிலாகவே அம்மாவட்டத்தின் கதையைக் கேட்போம், வாருங்கள் தோழியரே!

1. கைக்குள் அடங்கும் கற்கோடரி

நார்ஃபோக் கடற்கரையில் ஹேஸ்பரோ என்று ஒரு சிற்றூர் உண்டு. அதன் ஆங்கில எழுத்துகளைக் கூட்டி வாசித்தால் ஒருவிதமாகவும், ஊரார் சொல்வது வேறுவிதமாகவும் இருக்கும். 2000-ஆம் ஆண்டில் ஒருவர் தம் நாயுடன் அக்கடற்கரையில் உலவிக்கொண்டிருந்தார். அப்போது ஒரு கரிய கல் அவர் கண்ணில் பட்டது. எடுத்துப் பார்த்தால் அது சாதாரணக் கல் அன்று. இருபுறமும் செதுக்கி, நுனி கூராக்கப்பட்ட சிக்கிமுக்கிக் கல். ஏறத்தாழ 5 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஆதிமனிதனின் கைக்கோடரி அது. இன்று நாரிச் கோட்டை அருங்காட்சியகத்தின் பெருஞ்செல்வங்களுள் ஒன்று.

அதே கடற்கரை 2013-ஆம் ஆண்டு மே மாதத்தில் இன்னொரு வியப்பையும் காட்டியது. அலைகள் மணலை அரித்துக்கொண்டு போனபோது, அடியிலிருந்த பழைய சேற்றுப் பாறையில் காலடித் தடங்கள் தெரிந்தன. பெரியவர்களும் சிறுவர்களும் சேர்ந்து நடந்து சென்ற தடங்கள். அவற்றின் வயது 8 லட்சம் ஆண்டுகளுக்கும் மேல்! ஆப்பிரிக்காவுக்கு வெளியே அதுவரை கண்டறியப்பட்டவற்றுள் மிகத் தொன்மையான மனிதக் காலடிகள் அவைதாம். அக்காலத்தில் பிரிட்டன் தீவாக இல்லை. ஐரோப்பாவுடன் நிலத்தால் இணைந்திருந்தது. நடந்தே வரலாம்.

ஆனால் இரண்டே வாரங்களில் அதே அலைகள் அத்தடங்களை அழித்துவிட்டன. அதற்குள் ஆராய்ச்சியாளர் மழையிலும் குளிரிலும் நின்று அவற்றைப் படம் பிடித்து, அளவெடுத்துப் பதிவு செய்துவிட்டனர். ஒரு குழந்தையின் பாதச்சுவடு 8 லட்சம் ஆண்டுகள் காத்திருந்து, இரண்டு வாரங்கள் மட்டும் உலகுக்கு முகம் காட்டிவிட்டு மறைந்தது என்று எண்ணும்போது நெஞ்சம் நெகிழ்கிறதல்லவா?

2. கடலோர மர வட்டம்

நார்ஃபோக்கின் வடமேற்கு மூலையில் ஹோம் என்னும் ஊரின் கடற்கரையில், 1998-இல் மணலுக்குள்ளிருந்து ஒரு மர வட்டம் வெளிப்பட்டது. 55 ஓக் மரத் தூண்கள் நெருக்கமாக வட்டமிட்டு நின்றன. நடுவிலே ஒரு பெரிய ஓக் மரத்தின் அடிப்பகுதி, வேர்கள் வானை நோக்கி நிற்குமாறு தலைகீழாக நடப்பட்டிருந்தது. மரத்தின் உள்வளையங்களை எண்ணி ஆராய்ந்த அறிஞர்கள், இம்மரங்கள் கி.மு. 2049-ஆம் ஆண்டு வெட்டப்பட்டவை என்று கண்டனர். ஆண்டைத் துல்லியமாகச் சொல்லிவிட்டார்கள்! தூண்களில் பதிந்திருந்த வெட்டுகளை ஒப்பிட்டு, ஐம்பதுக்கும் மேற்பட்ட வெண்கலக் கோடரிகள் பயன்பட்டன என்றும் கூறினர். ஆகவே ஒரு குடும்பத்தின் வேலை அன்று. ஊரே கூடி இழுத்த தேர் போன்ற பணி. நடுமரத்தை இழுத்துவரக் கட்டிய கொடிக்கயிறுகூட மட்காமல் கிடைத்தது. ஈரமான கரிமண் அதைக் காப்பாற்றியிருந்தது.

இங்கேதான் ஒரு வழக்கு எழுந்தது. "காற்றும் அலையும் பட்டால் மரம் மட்கிப் போகும், எடுத்துச் சென்று காக்க வேண்டும்" என்றனர் ஆராய்ச்சியாளர். "முன்னோர் நட்ட புனித இடம், அது நின்ற இடத்திலேயே இருக்கட்டும்" என்று உள்ளூரார் சிலரும் வேறு சிலரும் எதிர்த்துப் போராடினர். முடிவில் 1999-இல் அது பெயர்த்து எடுக்கப்பட்டது. பல ஆண்டுகள் பதப்படுத்தப்பட்டு, 2008 முதல் கிங்ஸ் லின் நகர அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது.

யார் சொன்னது சரி? நான் பலநாள் எண்ணிப் பார்த்தேன். எடுத்தவர்கள் எடுக்காமலிருந்தால் ஹேஸ்பரோ காலடிகளின் கதியே இதற்கும் நேர்ந்திருக்கும். ஆயினும், இடத்தை விட்டுப் பெயர்த்த மரம் வேரற்ற செடி போன்றது என்ற அவர்களின் வருத்தமும் பொய்யன்று. காப்பாற்றுவதற்கும் ஒரு விலை உண்டு என்பதே இப்பொருள் கற்பிக்கும் பாடம்.

3. உழவன் கண்ட பொற்கழுத்தணி

'அகல உழுவதிலும் ஆழ உழு' என்பது நம் பழமொழி. 1948-இல் நார்ஃபோக்கின் ஸ்னெட்டிஷம் என்னும் ஊரில் ஓர் உழவர் அப்படித்தான் ஆழ உழுதார். ஏர்க்காலில் ஏதோ உலோகம் சிக்கியது. பழைய பித்தளைக் கட்டிலின் உடைந்த பகுதி என்று எண்ணி வயலோரம் போட்டுவிட்டார்களாம். பிறகுதான் அது பொன் என்று தெரிந்தது! தொடர்ந்து 1950-இல் அதே நிலத்தில் கிடைத்ததுதான் 'பெரிய கழுத்தணி'. பொன்னும் வெள்ளியும் கலந்த உலோகத்தால் ஆன 64 கம்பிகளை எட்டு எட்டாக முறுக்கி, எட்டுக் கயிறுகளாக்கி, அவற்றையும் சேர்த்து முறுக்கிச் செய்தது. எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். இன்றைக்கு 2,000 ஆண்டுகளுக்கு முன் இத்தகைய கைத்திறன்! இது லண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஸ்னெட்டிஷத்தில் கிடைத்த வேறு கழுத்தணிகளை நாரிச்சிலும் காணலாம்.

அக்காலத்தில் அங்கு வாழ்ந்தவர்கள் ஐசீனி என்னும் குலத்தார். கி.பி. 60-ஆம் ஆண்டையொட்டி அவர்களின் மன்னன் பிரசுடாகஸ் இறந்தான். நாட்டை ரோமப் பேரரசன் நீரோவுக்கும் தன் இரு பெண்மக்களுக்கும் சேர்த்து எழுதி வைத்திருந்தான். ரோமானியர் அதை மதிக்கவில்லை. நாட்டைக் கொள்ளையிட்டனர், அரசி பூடிக்காவைச் சவுக்கால் அடித்தனர், அவள் பெண்மக்களைக் கொடுமைப்படுத்தினர். பொங்கி எழுந்தாள் பூடிக்கா. கோல்செஸ்டர், லண்டன், செயின்ட் ஆல்பன்ஸ் ஆகிய மூன்று நகரங்கள் தீக்கு இரையாயின. முடிவில் ரோமப் படையே வென்றது.

பூடிக்கா தன் கைப்பட ஒரு வரியும் எழுதி வைக்கவில்லை. அவளைப் பற்றி எழுதியவர்கள் ரோம நாட்டு ஆசிரியர்களே. அவர்களுள் டியோ காசியஸ் என்பவர், அவள் கழுத்தில் பெரிய பொன்னணி அணிந்திருந்தாள் என்று குறித்திருக்கிறார். ஸ்னெட்டிஷத்து அணிகளைப் பார்க்கும்போது அவர் எழுதியது கற்பனையாக இருக்க முடியாது என்று தோன்றுகிறது. பகைவன் எழுதிய ஏட்டுக்கு மண்ணுக்குள் கிடந்த பொன் சாட்சி சொல்கிறது.

4. கன்னத்தில் கைவைத்த மண்பொம்மை

ரோமானியர் போனபின் வந்து குடியேறியவர்களே ஆங்கிலோ-சாக்சன் மக்கள். இறந்தோரை எரித்து, சாம்பலை மண்தாழிகளில் இட்டுப் புதைப்பது அவர்களின் வழக்கம். நார்ஃபோக்கில் ஸ்பாங் ஹில் என்ற இடத்தில் 1972 முதல் பல ஆண்டுகள் அகழ்ந்தபோது 2,000-க்கும் மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. அவற்றுள் ஒன்றின் மூடிதான் இம்மண்பொம்மை. ஒரு சாண் உயரம்கூட இல்லை. ஒரு மனித உருவம் நாற்காலியில் அமர்ந்து, முழங்கால்மேல் முழங்கை ஊன்றி, இரு கைகளாலும் கன்னத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

'கன்னத்தில் கைவைத்து உட்காராதே' என்று நம் வீட்டுப் பாட்டிமார் அதட்டுவார்கள். துக்கத்தின் அடையாளம் அது என்பார்கள். 1,500 ஆண்டுகளுக்கு முன், ஏதோ ஒரு குயவர் தம் விரல்களால் பிசைந்த இவ்வுருவத்தைப் பார்த்த மாத்திரத்தில் நமக்கும் அத்துக்கம் விளங்கிவிடுகிறது. அவர் பேசிய மொழி வேறு, காலம் வேறு, நம்பிக்கை வேறு. துயரம் மட்டும் ஒன்றே. இறந்தவர் யார், அழுதவர் யார் என்று எழுதப்பட்ட ஏடு எதுவும் இல்லை. ஆயினும் அன்பு இருந்தது என்பதற்கு இந்தப் பிடி மண் போதும்.

5. யாரும் விரும்பாத ஈயப் பதக்கம்

இப்போது நம் இதயத்துக்கு நெருங்கிய பொருளுக்கு வருவோம். நார்ஃபோக்கில் வால்சிங்கம் என்னும் சிற்றூர். 1061-ஆம் ஆண்டில் ரிச்செல்டிஸ் என்னும் பக்தியுள்ள பெருமாட்டிக்குத் தேவமாதா காட்சி தந்து, நாசரேத்தூரில் கபிரியேல் தூதர் மங்கள வார்த்தை சொன்ன வீட்டைப் போல் ஒரு வீடு கட்டும்படி பணித்தார் என்பது மரபு. அவ்வாறே மரத்தால் எழுந்தது அத்திருவீடு. பின்னர் அங்கே துறவுமடம் தோன்றியது. இங்கிலாந்தின் மிகப் பெரிய மரியன்னைத் திருத்தலமாக அது விளங்கியது. அரசர்களும் ஆண்டிகளும் ஒரே பாதையில் நடந்தனர்.

திருத்தலங்களிலிருந்து நாம் பதக்கமும் செபமாலையும் வாங்கி வருவதுபோல, அக்காலத் திருப்பயணிகள் ஈயத்தில் வார்த்த சிறு பதக்கங்களை வாங்கித் தொப்பியிலோ மேலாடையிலோ குத்திக்கொள்வர். மங்கள வார்த்தைக் காட்சி பொறித்த பதக்கங்களும் உண்டு. விலை மலிவு, ஏழையும் வாங்கலாம்.

இனி நடந்ததைக் கேளுங்கள். எட்டாம் ஹென்றி மன்னன் 1511-இல் இத்திருத்தலத்துக்குத் திருப்பயணியாக வந்தவன். வெறுங்காலுடன் நடந்து வந்தான் என்றும் சொல்வர். அதே மன்னன் பாப்பரசரை விட்டுப் பிரிந்தபின், 1538-இல் அவனுடைய ஆணையாலேயே திருத்தலம் இடிக்கப்பட்டது. தேவமாதாவின் சுரூபம் லண்டனுக்குக் கொண்டுபோய் எரிக்கப்பட்டது. அதற்கு முந்தின ஆண்டே, மடங்கள் மூடப்படுவதை எதிர்க்கத் திட்டமிட்டார்கள் என்று வால்சிங்கம் பகுதியினர் 11 பேர் கொல்லப்பட்டனர். பக்தர்கள் காணிக்கையிட்ட பொன்னும் வெள்ளியும் அரச கருவூலத்துக்குப் போயின.

பொன் போய்விட்டது. ஆனால் யாரும் விரும்பாத ஈயம் பிழைத்துக்கொண்டது! கிங்ஸ் லின் நகரத்து நீரோடைச் சேற்றில் புதைந்து கிடந்த இப்பதக்கங்களை, 19-ஆம் நூற்றாண்டில் அவ்வூர் நகைக்கடைக்காரர் ஒருவர் சிறுவர்களுக்குக் காசு கொடுத்துத் தேடி எடுக்கச் செய்தார். அவை இன்று அந்நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மன்னனின் ஆணையால் அழிக்க முடியாததைச் சேறு காத்துக் கொடுத்தது.

கதை அதோடு முடியவில்லை. வால்சிங்கத்துக்கு ஒரு மைல் முன்னே, பயணிகள் காலணிகளைக் கழற்றி வைக்கும் சிற்றாலயம் ஒன்று இருந்தது. திருத்தலம் அழிந்தபின் அது ஏழைகள் விடுதியாகவும், கொல்லுப்பட்டறையாகவும், மாட்டுக் கொட்டிலாகவும் ஆனது. 1890-களில் சார்லட் பாய்ட் என்னும் பெண்மணி அதை விலைக்கு வாங்கிப் புதுப்பித்தார். 1934-இல் அது இங்கிலாந்துக் கத்தோலிக்கரின் தேசியத் திருத்தலமாயிற்று. 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அதைப் பசிலிக்காவாக உயர்த்தினார்.

6. மேசையாக மாறிய பீடப் படம்

நாரிச் பேராலயத்தில் ஒரு பழைய மரப்பலகை ஓவியம் இருக்கிறது. நம் ஆண்டவர் கசையால் அடிக்கப்படுவது, சிலுவை சுமப்பது, அறையுண்டு தொங்குவது, உயிர்த்தெழுவது, விண்ணேறுவது என்று ஐந்து காட்சிகள். 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தீட்டப்பட்டது. படங்களையும் சுரூபங்களையும் உடைத்தெறிந்த காலத்தில் இது எப்படித் தப்பியது? யாரோ இதைக் கவிழ்த்துப் போட்டு, கால்களைப் பொருத்தி, மேசையாக்கிவிட்டார்கள்! பல தலைமுறைகள் அந்த மேசையைப் பயன்படுத்தினர். அடிப்புறம் ஆண்டவரின் திருப்பாடுகள் மறைந்திருந்ததை அறிந்தார் இல்லை. 1847-இல்தான் உண்மை வெளிப்பட்டது. காக்க வேண்டும் என்று கவிழ்த்தார்களோ, பலகை கிடைத்ததே என்று கவிழ்த்தார்களோ, ஓவியம் பிழைத்தது.

ஆனால் இந்தப் படத்துக்கு வேறொரு முகமும் உண்டு. 1381-இல் இங்கிலாந்தின் பல பகுதிகளில் தலைவரிக் கொடுமை தாங்காமல் குடியானவர் கிளர்ந்தெழுந்தனர். நார்ஃபோக்கில் அதை வாளேந்தி அடக்கியவர் நாரிச் ஆயர் ஹென்றி டிஸ்பென்சர். அவ்வெற்றிக்கு நன்றியாகவே இப்படம் அளிக்கப்பட்டதாகக் கருதப்படுகிறது. அழகான பொருள் என்றதும் அதன் பின்னணியில் எல்லாம் அழகாகவே இருந்திருக்கும் என்று எண்ணிவிடக்கூடாது. தூக்கிலிடப்பட்ட ஏழைகளின் வரலாற்றையும் இப்படத்தின் முன் நின்று நினைக்க வேண்டும். அடிபட்டு, அவமானப்பட்டு நிற்கும் இயேசுவின் திருமுகமே அதை நமக்கு நினைவூட்டவில்லையா?

7. மாங்காய்க்கரைச் சால்வை

1565-இல் நாரிச் நகரத்தார் ஒரு துணிவான காரியம் செய்தனர். தங்கள் நெசவுத்தொழில் நலிந்திருந்ததால், கடலுக்கு அப்பாலுள்ள நெதர்லாந்துப் பகுதிகளிலிருந்து 30 தேர்ந்த நெசவாளர்களைக் குடும்பத்தோடு வரவழைத்தனர். போரும் மதத் துன்புறுத்தலும் தாங்காமல் அவர்களைத் தொடர்ந்து மேலும் ஆயிரக்கணக்கானோர் வந்தனர். சில ஆண்டுகளில் நகர மக்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் அயலாராக இருந்தனர். 'அந்நியர்' என்றே அவர்களை அழைத்தனர். 'அந்நியர் மாளிகை' என்ற பெயருடன் ஒரு பழைய வீடு இன்றும் அருங்காட்சியகமாக உள்ளது. அவர்கள் தறியை மட்டும் கொண்டுவரவில்லை. கூண்டுகளில் கானரிக் குருவிகளையும் கொண்டுவந்தார்களாம். நாரிச் கால்பந்துக் குழுவுக்கு 'கானரிகள்' என்ற செல்லப்பெயர் அதனால்தான் வந்தது.

அப்படி வளர்ந்த நெசவின் புகழ்பெற்ற விளைவு நாரிச் சால்வை. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நம் காஷ்மீரச் சால்வைகள் இங்கிலாந்துச் சீமாட்டிகளை மயக்கின. ஆனால் விலையோ எட்டாத உயரம். ஆகவே நாரிச் நெசவாளர் அதே போல் நெய்து குறைந்த விலைக்கு விற்றனர். அருங்காட்சியகத்திலுள்ள சால்வைகளின் கரையைப் பார்த்தால் நமக்குச் சிரிப்பு வரும். நம் சேலைக்கரையில் ஓடும் அதே மாங்காய் வடிவம்! சாயம் மட்டும் அவர்களுடையது; மஞ்சட்டி வேரிலிருந்து பெற்ற 'நாரிச் சிவப்பு' பெரும்புகழ் பெற்றது. அந்நியர் தறி, இந்தியக் கோலம், ஆங்கிலச் சாயம்! மூன்றும் ஒரு துணியில் கலந்தபோது அதை எந்த நாட்டுச் சொத்து என்று சொல்வது? ஆனால் காஷ்மீரத்தில் அக்கோலத்தை முதலில் நெய்த கைகளுக்கு உரியவர்களின் பெயர் எந்தச் சால்வையிலும் இல்லை என்பதையும் மறக்கலாகாது.

8. ஊசியால் எழுதிய கடிதம்

நம் பள்ளியில் தையல் வகுப்பில் ஊசி பிடிக்கும்போதெல்லாம் எனக்கு இனி லொரீனா பல்வர் என்னும் பெண்மணியின் நினைவே வரும். வசதியான குடும்பத்தில் பிறந்தவர். திருமணம் ஆகாதவர். 1893-இல் தாயார் இறந்தபின், கிரேட் யார்மத் நகரத்து ஏழைகள் விடுதியில் மனநோயாளிகள் பிரிவில் கொண்டுபோய் விடப்பட்டார். ஏழைகள் விடுதி என்றால் அன்பு இல்லம் என்று எண்ணாதீர்கள். 1834-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப்பின், கணவன் ஓரிடம், மனைவி ஓரிடம், பிள்ளைகள் ஓரிடம் என்று பிரித்து வைத்து வேலை வாங்கிய இடம். நார்ஃபோக்கில் கிரெசன்ஹால் என்னும் ஊரிலிருந்த அத்தகைய விடுதி இப்போது அருங்காட்சியகமாக நிற்கிறது.

லொரீனா துணித்துண்டுகளை ஒன்றோடொன்று இணைத்து நீளமாக்கி, அதில் வண்ணக் கம்பளி நூலால் எழுத்து எழுத்தாகத் தைத்து, நெடுங்கடிதம் எழுதினார். ஒவ்வொன்றும் பல அடி நீளம். எல்லாம் பெரிய எழுத்துகள். காற்புள்ளி இல்லை, முற்றுப்புள்ளி இல்லை. தன் கோபத்தை, தன்னை அங்கே விட்டவர்கள்மீதுள்ள மனக்குறையை, ஊராரைப் பற்றிய ஏச்சுகளை எல்லாம் இடைவெளியின்றித் தைத்துக்கொண்டே போகிறார். பலமுறை தன் பெயரையே தைக்கிறார். 1912-இல் இறக்கும்வரை அவர் வீடு திரும்பவில்லை. அக்கடிதங்களுள் சில இன்று நார்ஃபோக் அருங்காட்சியகத்தாரிடம் பத்திரமாக உள்ளன.

அவர் எழுதியதெல்லாம் உண்மை என்று சொல்ல முடியாது. நோயின் கலக்கமும் அதில் உண்டு. ஆனால் யாரும் காது கொடுக்காத ஒரு பெண், 'நான் இருக்கிறேன்' என்று சொல்ல எத்தனை ஆயிரம் தையல் இட்டிருக்கிறார்! பேனாவால் எழுதியிருந்தால் கிழித்து எறிந்திருப்பார்கள். ஊசியால் எழுதியதால் நிலைத்தது. அரசி பூடிக்காவுக்குக் கிடைக்காத ஒன்று, விடுதியில் அடைபட்ட லொரீனாவுக்குக் கிடைத்தது. அவள் கதையை அயலார் எழுதினர். இவர் தம் கதையைத் தாமே எழுதினார்.

9. உயிர்காத்த படகு

கடைசியாக மீண்டும் கடற்கரைக்கே செல்வோம். வடநார்ஃபோக்கில் க்ரோமர் என்னும் ஊர். நண்டுக்குப் பெயர்போனது. அங்கே ஹென்றி பிளாக் என்னும் மீனவர் வாழ்ந்தார். நண்டு பிடிப்பதும், கோடையில் வருவோர்க்குச் சாய்வு நாற்காலி வாடகைக்கு விடுவதும் அவர் பிழைப்பு. ஆனால் புயல் வீசினால் அவர் உயிர்காக்கும் படகின் தலைவர். 1894-இல் 18 வயதில் படகில் சேர்ந்து, 1947 வரை 53 ஆண்டுகள் பணியாற்றினார். அவரும் அவர் தோழர்களும் காத்த உயிர்கள் 873. அவருக்கு நீந்தவே தெரியாது என்பார்கள்!

1917 ஜனவரியில் ஒரே நாளில் இரண்டு கப்பல்கள் ஆபத்தில் சிக்கின. துடுப்புப் படகில் சென்று கிரேக்கக் கப்பலிலிருந்து 16 பேரை மீட்டுக் களைத்துத் திரும்பினர். ஓய்வெடுக்கும் முன்னே சுவீடன் நாட்டுக் கப்பல் வெடித்து இரண்டாகப் பிளந்தது. மீண்டும் புறப்பட்டனர், அலை தூக்கி எறிந்து துடுப்புகளை ஒடித்தது. ஆயினும் விடாது முயன்று 11 பேரைக் கரை சேர்த்தனர். இவர்கள் பெற்ற ஊதியம் சொற்பம். மீட்கப்பட்டவர்களோ முன்பின் அறியாத அந்நிய நாட்டார். க்ரோமரில் அவர் பெயராலேயே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அவர் செலுத்திய படகுகளுள் ஒன்று அங்கே நிற்கிறது. ஒருவன் தன் அயலானுக்காக உயிரைப் பணயம் வைப்பதைவிட மேலான வரலாறு ஏது?

முடிவுரை

தோழியரே! கோடரியில் தொடங்கிப் படகில் வந்து சேர்ந்தோம். இவ்வொன்பது பொருள்களையும் ஒருசேர எண்ணிப் பார்க்கும்போது எனக்கு மூன்று உண்மைகள் தோன்றுகின்றன.

முதலாவது: எது நிலைக்கும், எது அழியும் என்பதை மனிதர் போடும் விலை முடிவு செய்வதில்லை. வால்சிங்கத்தின் பொன் மறைந்தது, ஈயம் நின்றது. உடைக்கப்பட்ட சுரூபங்கள் எத்தனையோ. மேசையாகக் குனிந்த படம் பிழைத்தது.

இரண்டாவது: ஏடும் பொருளும் ஒன்றுக்கொன்று துணை. ஏடு இல்லையேல் பூடிக்காவின் பெயரே தெரியாது. பொருள் இல்லையேல் அவள் மக்களின் கைத்திறன் தெரியாது. ஒன்றை மட்டும் நம்புகிறவர் ஒற்றைக் கண்ணால் பார்க்கிறவர்.

மூன்றாவது: வரலாறு மன்னர்களுக்கு மட்டும் உரியதன்று. சேற்றில் நடந்த குழந்தையும், தாழி வனைந்த குயவரும், ஈயப் பதக்கம் வாங்கிய ஏழையும், ஊசி பிடித்த லொரீனாவும், துடுப்புப் பிடித்த மீனவர்களும் அதில் இடம் பெற்றிருக்கிறார்கள். அவர்களுள் பெரும்பாலோர் தம் பெயரை விட்டுச் செல்லவில்லை. தம் கைவேலையை விட்டுச் சென்றார்கள்.

ஆகவே வீட்டில் பழைய பொருள் எதையேனும் தூக்கி எறியப் போகுமுன், ஒரு நிமிடம் அதைக் கையில் எடுத்துப் பாருங்கள். இது யாருடையது, எதற்குப் பயன்பட்டது என்று வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேளுங்கள். கேட்டதை ஒரு தாளில் எழுதி அப்பொருளோடு கட்டி வையுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டால்தான் உண்டு. அலை வருவதற்கு முன் காலடித் தடத்தைப் படம் பிடித்தார்களே, அதுபோல!

மறைந்தவை யாவற்றையும் அறிந்தவர் இறைவன் ஒருவரே. எஞ்சியவற்றையாவது அன்போடு காத்துப் பின்வருவோர்க்குக் கொடுப்பது நம் கடமை. அதற்கு வேண்டிய பொறுமையையும் கருத்தையும் அவர் நமக்கு அருள்வாராக!

– பத்தாம் வகுப்பு மாணவி